கயிற்றில் கட்டிய மாத்திரை

கிரேன் ஓட்டுவதால் எல்லோருக்கும் அவள் கிரேனக்கா. காலையில் கூண்டில் ஏறிவிட்டால் சாப்பாட்டு மணிக்குத்தான் இறங்குவாள். நடுவில் இறங்கினால் கீழே இரும்புக் கிடங்கே கைகட்டி நிற்கும். அதனால் காலையில் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிப்பாள். அப்படிப்பட்டவள், மாதவிலக்கு பெருக்கெடுக்கத் தொடங்கியபின், மாதத்தில் சில நாள் அடிக்கடி இறங்கினாள்.

"அடுத்த மாசமும் இப்படின்னா கிரேனை வேற ஆளுக்குக் குடுத்துடுவேம்மா" என்றார் மேஸ்திரி.

"என் சீட்டுல யாரு உக்காருறான்னு நானும் பாக்கறேன்."

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். கட்டி எதுவும் இல்லை. கால் ரத்தக்குழாயில் எப்போதாவது ரத்தம் உறைந்து அடைத்ததுண்டா என்று விசாரித்துவிட்டு டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை எழுதினார். "உறைஞ்ச ரத்தம் சட்டுனு கரைஞ்சுடாம இது பாத்துக்கும். போக்கு அதிகமா இருக்கற நாள்ல மட்டும் மூணு வேளை. வேளை தப்பக்கூடாது."

வீட்டில் நாத்தனார் முகம் சுளித்தாள். "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடும் அண்ணி. பேசாம கர்ப்பப்பையை எடுத்துட்டு வீட்டோட இருங்களேன்."

"உங்க அண்ணன் குறட்டையில தெருவே தூங்கல. அவர் மூக்கை எடுத்துடலாமா?"

அடுத்த மாதம் வந்தது. கட்டாத பொருள் எதுவும் கிரேன் கூண்டுக்குள் இருக்கக்கூடாது. நழுவினால் கீழே நிற்பவன் தலை போகும். விதிக்குக் கட்டுப்பட்டு மாத்திரையைக் கீழே அலமாரியில் பூட்டிவிட்டு ஏறினாள். அன்று பார்த்து லாரிகள் வரிசை கட்ட, சாப்பாட்டு மணிக்கு இறங்க முடியவில்லை. மதிய வேளை தப்பியது. மாலையில், வேலை முடியும் முன்பே, கறை தெரியாமல் இடுப்பில் மேல்சட்டையைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

மேஸ்திரி பார்த்துவிட்டார். "நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். அவ்வளவுதான்."

இறங்கும்போதே அவள் கண்ணில் பட்டது, கூண்டில் கயிற்றோடு தொங்கிய ஸ்பேனர். ஏன் இது முதலிலேயே உறைக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் கூண்டின் முன்கண்ணாடியில் ஒரு சின்னப் பை தொங்கியது.

"அங்க என்னம்மா தொங்குது?" என்றது வாக்கி டாக்கியில் மேஸ்திரியின் குரல்.

"மாதவிலக்கு மாத்திரை. கயிறு கட்டியிருக்கேன், விழாது."

கிடங்கு முழுக்க அது கேட்டது. யாரோ இருமினார்கள்.

"அதை எல்லாருக்கும் தெரியறாப்பல மாட்டணுமா?"

"ஸ்பேனரை ஒளிச்சா வெச்சிருக்கோம்? நீங்கதானே கேட்டீங்க."

மதியமும் லாரிகள் விடவில்லை. சுமையைத் தரையில் இறக்கிவிட்டு, கயிற்றை இழுத்து, ஒரு வாய் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினாள். போக்கு நிற்கவில்லை, கட்டுக்குள் இருந்தது. அது போதும்.

வேலை முடியும் மணி அடிக்கும்வரை அவள் இறங்கவில்லை. ஏணியடியில் மேஸ்திரி நின்றார்.

"நாளைக்கு நீளமான கம்பி வருது. நீங்களே தூக்கிடுங்க."

"வேற யாரு தூக்குவா?" என்று கிரேன் சாவியை அவரிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.