தேங்காயெண்ணெய் போட்ட மெஷினும் நீலகண்ட பிள்ளையும்

நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரே லாட்ஜ் சுவரிலிருந்து நீலகண்ட பிள்ளை என்னை முறைத்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோதும் அவர் என்னை அப்படித்தான் பார்ப்பார் என்பதால் முதலில் வித்தியாசமாகத் தோன்றவில்லை. சுவரொட்டியில் படத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அடியில் மலையாளத்தில் ஒரு வரி: தொழிலாளியைக் காக்கத் தன் விரலைக் கொடுத்தவர். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். "அம்மா அறியுமோ இவரை? நல்ல மனுஷனாக்கும்" என்றார் ஆட்டோக்காரர். அறியும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

மறுநாள் நம் தோட்ட வேலைக் காண்ட்ராக்டர்கள் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. அனுதாபக் கூட்டம் முடிந்தபின் வெளியிடும் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "நாலு நல்ல வார்த்தை எழுதுங்க, நீங்கதானே கூட இருந்தது" என்றார்கள். கூட இருந்தேன், அதனால்தான் கஷ்டம். செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள், சரி. செத்தவருக்காகப் பொய் சொல்லலாம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவரோடு பழகிய உங்களுக்கு நான் எழுதப்போகிற எதுவும் புதிதாக இருக்காது. பொன்முடி மலையில் நடந்தது மட்டும் புதிதாக இருக்கலாம்.

என் கணவரும் நீலகண்ட பிள்ளையும் சேர்ந்துதான் தொழிலைத் தொடங்கினார்கள். பங்களாக்கள், கெஸ்ட் ஹவுஸ்கள், பிறகு கடற்கரைப் பக்கம் வந்த ஹோட்டல்கள் என்று தோட்டம் போட்டுப் பராமரிக்கிற வேலை. என் கணவர் மாரடைப்பில் போனதும் அவருடைய இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். என்னை அண்ணி முறையில் 'மைனி' என்று கூப்பிடும் பிள்ளை முதல் நாளே வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சொன்னார்: "மைனி, பூ சூடுதவங்க வேற, பூ நடுதவங்க வேற. வீட்டுல இருங்கோ, உள்ளது வந்து சேரும்." வலது கை ஆள்காட்டி விரலால் வாசலைக் காட்டியபடியே இதைச் சொன்னார். அந்த விரலை மறக்க முடியாது. வேலையாள், மரம், வீட்டுக்காரர், தெய்வம் என்று யாரைப் பற்றிப் பேசினாலும் அது நீண்டுவிடும். நான் வாசலைப் பார்க்காமல் அன்றைக்கு எந்த வீட்டில் வேலை என்று கேட்டேன்.

அப்போது எங்களிடம் நாலைந்து பேர் இரண்டு கையாலும் பிடிக்கிற நீளக் கத்தரியால் செடி வேலி வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அவர்களில் இசக்கிமுத்துவை உங்களுக்கெல்லாம் தெரியும். வேலையில் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். வாய்தான் நீளம். வெயில், சோறு, செடி எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே வெட்டுவார், வெட்டிய வேலி பாதி நேரம் கோணலாக இருக்கும். ஆனால் அந்த வேலையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. கல்ஃப் பணத்தில் நகரமெங்கும் புது வீடுகள் எழும்பி, வீட்டுக்கு வீடு செம்பருத்தி வேலி வந்தது. கத்தரி போதவில்லை. பெட்ரோலில் ஓடும் வேலி வெட்டும் மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்பதில் எனக்கும் பிள்ளைக்கும் சண்டை இல்லை. எது என்பதில்தான் வந்தது.

கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி ஏஜெண்ட் இரண்டு மெஷின்களைக் கொண்டுவந்து தம்பானூர் லாட்ஜில் தங்கியிருந்தார். லாட்ஜ் அறையில் வேலி ஏது? மேஜைமேல் கிடத்திக் காட்டினார். ஒன்று சிறியது, அலகின் இரண்டு பக்கமும் வெட்டும். இன்னொன்று அலகு நீண்டது, ஒரு பக்கம் மட்டும் வெட்டும், கனம் அதிகம். நான் பல்லுக்குப் பல் இடைவெளியைப் பார்த்தேன். நம் ஊர்ச் செம்பருத்தி மழை கண்டால் பென்சில் கனத்துக்குக் கிளை விடும், அது பல்லுக்குள் நுழைய வேண்டும். பிறகு கூட வந்த இசக்கியிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து, கையை நீட்டித் தோளுக்குமேல் பிடிக்கச் சொன்னேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதைத் தூக்கப் போகிறவர் அவர்தானே? சிறியதைப் பிடித்துக்கொண்டு இசக்கி சும்மா நின்றார். பெரியதைப் பிடித்ததும் கை நடுங்கியது. கூடவே கம்பெனியைத் திட்டவும் ஆரம்பித்தார்.

பிள்ளை பார்த்த பரிசோதனை வேறு. மெஷினைத் தூக்கவில்லை, தட்டிப் பார்த்தார். பிறகு ஏஜெண்டிடம், "ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணும் வேய், சத்தம் கேக்கட்டும்" என்றார். லாட்ஜ் அறைக்குள்! பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். புகைக்கு நடுவே நின்று பிள்ளை விரலை நீட்டினார்: "அதாக்கும் மெஷின். சத்தம் இருந்தாத்தான் வேலை நடக்குதுன்னு வீட்டுக்காரன் நம்புவான். மைனி பிடிச்சது வெளையாட்டுச் சாமான்." ஏஜெண்ட் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சாரே, சேச்சி சொன்னது சரியாணு, சின்னது போதும்" என்றார். தன்னிடம் விற்க வந்தவனே எது நல்லது என்று சொல்லியும் கேட்காத மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கனமான மெஷின் எங்களிடம் வந்து சேர்ந்தது.

அதோடு ஒரு சின்ன டின் எண்ணெயும் வந்தது. அலகில் தினமும் இரண்டு சொட்டு விட வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லிக் கொடுத்திருந்தார். பிள்ளை அதைத் தம் மனைவியின் தையல் மெஷினுக்குக் கொடுத்துவிட்டார். "திருவனந்தபுரத்துல இருந்துக்கிட்டு எண்ணெய்க்குக் கொச்சிக்காரன்கிட்ட கையேந்தணுமோ?" என்று கேட்டு, அலகில் தேங்காயெண்ணெயை ஊற்றினார். தலைக்கு அதுதான், முழங்கால் வலிக்கு அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான், பிறகு மெஷினுக்கு மட்டும் என்ன? சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது ஓடவும் செய்தது. அலகு சூடேறினால் ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல், பொரிக்கிற வாசனை வரும். வேலையாட்களுக்குப் பத்து மணிக்கே பசித்துவிடும். ஓடியதால் பிள்ளைக்குத் தலைக்கனம் கூடிற்று. முட்டாள்தனம் ஒருமுறை பலித்துவிட்டால் அப்புறம் அதைக் கையில் பிடிக்க முடியாது.

அந்த மார்கழியில் பொன்முடியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வேலை கிடைத்தது. யாரோ பெரிய மனிதர் வருகிறார், அதற்குள் பாதை நெடுக வேலியை வெட்டி நேராக்க வேண்டும். பிள்ளை என்னைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் பேசினார். "இந்த ஜோலியை நானும் மெஷினும் இசக்கியும் முடிப்போம். முடிஞ்சா கத்தரிக்காரனுவ எவனும் வேண்டாம். இசக்கியும் வேண்டாம், மெஷின் பிடிக்க எவன் கிடைச்சாலும் போதும். மைனியும் வெயில்ல அலைய வேண்டாம் பாருங்கோ." விரல் மறுபடியும் வாசலைக் காட்டிற்று. ஆக, அந்த வேலி மெஷினால் வெட்டப்பட்டால் அத்தனை பேர் சோறும் என் இடமும் போகும். நானும் வருகிறேன் என்றேன். ஜீப்பில் சாக்குக்கு அடியில் இரண்டு கத்தரிகளை வைத்துக்கொண்டேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மேலே போய்த் தங்கினோம். காலையில் பனிமூட்டம், கை விறைக்கிற குளிர். மெஷினைக் கிளப்பக் கயிற்றை இழுத்து இழுத்து இசக்கிக்குத் தோள் கழன்றுவிட்டது. ஒருவழியாக எஞ்சின் உறுமியது, அலகு அசையவில்லை. குனிந்து பார்த்தேன். பல்லுக்குப் பல் வெள்ளையாக, உறைந்த நெய் போல இறுகியிருந்தது. ராத்திரிக் குளிரில் தேங்காயெண்ணெய் கட்டிவிட்டது. நம் வீடுகளில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். குளிர்ந்தால் குப்பியை வெயிலில் வைப்பார்கள். திருவனந்தபுரத்தின் மெஷின் எண்ணெய் விஞ்ஞானி இதை யோசிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். அடக்கியிருக்கலாம், அடக்க மனமில்லை.

"ஆஃப் பண்ணிட்டுச் சுரண்டுங்க" என்றேன். "ஆஃப் பண்ணினா பின்ன எப்பம் ஸ்டார்ட் ஆவும்? உங்க அப்பன் வந்து கயிறு இழுப்பானா?" என்று கத்தினார் பிள்ளை. மெஷினைத் தரையில் கிடத்தி, இடது கையால் விசையை அழுத்திக்கொண்டே அலகை முறைத்தார். இசக்கி கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எண்ணெயை வழிக்கப் பல்லுக்குள் விரலை விடப் போனார். "இசக்கி, வேண்டாம்!" என்று நான் கத்தியது எஞ்சின் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

"மாறி நில்லுலே!" என்று பிள்ளை அவரைத் தோளில் இடித்துத் தள்ளினார். இசக்கி புல்லில் மல்லாந்தார். "மெஷினைத் தொடுகதுக்கு மூளை வேணும். உனக்கெல்லாம் கத்தரி பிடிக்கதே அதிகம்!" சொல்லிவிட்டு, விசையை விடாமலே, தம் ஆள்காட்டி விரலால் பல்லைச் சுரண்ட ஆரம்பித்தார். அதற்குள் எஞ்சின் சூடு அலகுக்கு ஏறியிருக்க வேண்டும். எண்ணெய் இளகியது, அலகு ஓடியது.

விரல் முதல் கணு வரை போயிற்று. என் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன். எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு ஜீப்பில் ஏற்றினோம். வலியில் முனகிக்கொண்டே, "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கான்" என்றார். அவரை அங்கே விட்டுவிட்டு நானும் இசக்கியும் திரும்பி வந்து, சாக்குக்கு அடியிலிருந்த கத்தரிகளை எடுத்தோம். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். பொழுது சாயும்போது வேலி முடிந்திருந்தது, இசக்கி வெட்டிய பக்கம் சற்றுக் கோணல். பெரிய மனிதர் மறுநாள் அந்த வழியே போனார், வேலியைப் பார்க்கவில்லை. அதன்பிறகு யாரை வேலையை விட்டு அனுப்புவது என்ற பேச்சு எங்கள் தொழிலில் எழவில்லை. நான் சிறிய மெஷினை வாங்கினேன். பிள்ளை அதற்கு 'மைனியின் விசிறி' என்று பெயர் வைத்தார்.

விரல் போனதோடு ஆணவமும் போயிருந்தால் நான் மரியாதையாக எழுதியிருப்பேன். போகவில்லை, மிச்சமிருந்த குட்டையால் முன்னைவிட வேகமாகச் சுட்டினார். கதையும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் பெட்ரோல், பிறகு மெஷின் கோளாறு. கொஞ்ச காலம் கழித்து, "அந்தப் பயல் கையை விட்டான், நான் தள்ளிவிட்டு என் விரலைக் குடுத்தேன்" என்று ஆயிற்று. என் எதிரிலேயே சொன்னார், கண்கூடக் கலங்கினார். தாம் சொன்ன பொய்யைத் தாமே நம்பிவிடுகிற வசதி அவருக்கு இருந்தது. தேங்காயெண்ணெய் என்ற சொல்லை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கதைதான் இன்று தம்பானூர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அவர் யாருக்கும் எதையும் கொடுத்தவரில்லை. இசக்கிக்கு மூளை இல்லை என்று நினைத்தார், அதனால் தள்ளினார். துளி மரியாதை வைத்திருந்தால் இசக்கியையே சுரண்ட விட்டிருப்பார்.

இதைத்தான் கூட்டத்தில் எழுந்து சொல்ல நினைத்தேன். மண்டபத்துக்கு வெளியே இசக்கி நின்றிருந்தார். ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். தேம்பித் தேம்பி அழுதார்.

"உன்னைக் காப்பாத்தணும்னு அவரு தள்ளலை இசக்கி. உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்க்கா. மூளையில்லாத பயலேன்னுதான் தள்ளினாரு. அன்னைக்கு ராத்திரி முழுக்க அவரைத் திட்டினேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டு வலது கையை என் முன்னால் விரித்தார். "ஆனா இது இருக்குல்லாக்கா."

விரல்கள் எல்லாம் இருந்தன. கூட்டத்தில் நான் எழுந்து பேசவில்லை. அதனால்தான் இப்போது இந்த மலரில் எழுதுகிறேன்.

பிள்ளையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று சொல்லி முடிக்க வேண்டும், அதுதான் முறை. அவருடைய மெஷின் எனக்கு வேண்டாம், அறிவு நிச்சயமாக வேண்டாம். போன வாரம் கடற்கரை ஹோட்டலில் வேலி வெட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவர், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சிக்கிய செம்பருத்திக் குச்சியை எடுக்கக் குனிந்தார். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, "மாறி நில்லுலே!" என் குரல் இல்லை அது. அதே வெறுப்பு, அதே திமிர். எஞ்சின் சத்தத்தையும் மீறி அது அவர் காதில் விழுந்தது. திடுக்கிட்டு விலகினார், முகம் சுருங்கிவிட்டது. நான் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் குனிந்து குச்சியை எடுத்தேன். அணைத்தது நான் கற்றுக்கொண்டது. அந்தக் குரல் பிள்ளையுடையது, அதை வைத்துக்கொள்கிறேன்.