பங்கருக்குள் எக்ஸ் தேடிய கதை

பங்கர் என்றால் நிலத்தில் ஆழமாக வெட்டிய கிடங்கு. மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் மண்மூட்டைகள் போட்டிருக்கும். பொம்மர் விமானம் இரைந்துகொண்டு வந்தால் எல்லோரும் அதற்குள் இறங்கிவிட வேண்டும். யுத்த காலத்தில் எங்கள் பக்கத்தில் வீட்டு வளவுகளில் கிணறு இருந்ததுபோலப் பங்கரும் இருந்தது.

நாங்கள் குருநகர்க் கடற்கரை ஆட்கள். கடலில் இறங்கத் தடை வந்த பிறகு கோப்பாயில் ஒரு தோட்டக்காரரின் வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். அவருடைய வெங்காயப் பாத்திகளுக்கு நான் தண்ணீர் கட்டினேன்.

எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். சின்னவள் பங்கருக்குள் இருக்கமாட்டாள். அந்த இருட்டும் மண்மணமும் அவளுக்குப் பிடிக்காது. இறங்கிய உடனே மேலே ஏற நிற்பாள். அவளை இருத்தி வைக்கப் பெரியவள் ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். ஒருவர் ஓர் ஆங்கில எழுத்தைச் சொல்ல வேண்டும். அந்த எழுத்து எங்கேயாவது வருகிற ஆங்கிலச் சொற்களை ஆளுக்கு ஒன்றாக மாறி மாறிச் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லக்கூடாது. சொல் வராமல் முட்டுப்பட்டவர் தோற்றார். வென்றவர் முதலில் வெளியே ஏறலாம். பெரியவளிடம் சொற்கள் நிறைய இருந்தபடியால், பொம்மர் போகும்வரை விளையாட்டை இழுத்துக்கொண்டே இருப்பாள்.

பிறகு பெரியவள் சோதனைக்குப் படிக்கவென்று சாவகச்சேரியில் மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். என் மனைவிக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. மிஞ்சியது நான். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்கப் படகு இயந்திரத்துக்குள் கிடந்தது.

முதல்முறை அவள் "எல்" என்றாள். பிளக் சொன்னேன், ஒயில் சொன்னேன், பெற்றோல் சொன்னேன், புரொப்பெல்லர் சொன்னேன். இயந்திரம் முடிந்துவிட்டது.

"லேஞ்சி" என்று கைக்குட்டையை எடுத்துக் காட்டினேன்.

"அது தமிழப்பா!"

"ஆர் சொன்னது? லேஞ்சி வெள்ளைக்காரன் கொண்டந்தது."

"அப்ப காலிலை போடுற சப்பாத்தும் இங்கிலிசோ? ஏறி இருக்கிற கதிரையும் இங்கிலிசோ?"

நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லகாலம், பொம்மர் அன்றைக்கு வேறு பக்கம் போய்விட்டது.

அடுத்தமுறை அவள் எழுத்தைத் தேர்ந்து வைத்திருந்தாள்.

"எக்ஸ்."

"பொக்ஸ்" என்றேன்.

"சிக்ஸ்" என்றாள் அவள்.

எனக்கு அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"நான் வெண்டிட்டன். மேலை போறன்" என்று படியில் கால் வைத்தாள். தலைக்கு மேலே பொம்மர் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டையில் பிடித்து அவளைக் கீழே இழுத்தேன். எங்கேயோ குண்டு விழுந்து, குற்றிகளுக்கு இடையிலிருந்து மண் கொட்டுண்டது. அவள் அதற்கு அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் அழுதாள்.

"அப்பா அளாப்பி! வெண்ட ஆள் ஏறலாம் எண்டுதானே அக்கா சொன்னவ?"

அளாப்பி என்றால் விளையாட்டில் கள்ளம் செய்கிறவன். அதற்கடுத்த தடவை அவள் பங்கருக்குக் கிட்ட வரவில்லை. மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். உதைக்க உதைக்கத் தூக்கிக்கொண்டு போனேன். இனி ஒருநாள் எங்கேயாவது ஒளித்துக்கொண்டால் என்ன செய்வது? தேடிப் பிடிக்கும்வரை பொம்மர் காத்து நிற்காது. அவள் தானாக இறங்க வேண்டும்.

அன்று பின்னேரம் அவளைக் கூப்பிட்டேன்.

"இனி இழுக்கமாட்டன். நீ வெண்டால் ஏறலாம்."

"சத்தியமா?"

"மாதாவாணை."

மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "உங்களுக்கென்ன விசரோ? பிள்ளை ஏறினால்?"

"ஏறமாட்டாள். நான் தோக்கமாட்டன்."

"பொக்சோடை முடிஞ்ச மனிசன் கதைக்கிற கதை!"

மறுநாளே தொடங்கினேன். வலைகாரன் கடல் முழுக்க வலை போடுவதில்லை. மீன் எங்கே நிற்கும் என்று பார்த்துத்தான் போடுவான். எக்ஸ் பெரும்பாலும் சொல்லின் வாலில்தான் நிற்கிறது என்று கண்டேன். அப்படித் தேடியதில் நரிக்கு ஃபொக்ஸ், மிக்ஸ், மெழுகுக்கு வக்ஸ் வந்தன. பஸ்ஸின் பின்கதவில் எக்ஸிட் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் சக்கரத்து அச்சைக் காட்டி அக்ஸில் தந்தார். ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நின்றபோது ஒரு பெரிய உருளையில் ஒக்சிஜன் என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் மருந்தைப் பார்த்து நிற்க, நான் அந்த எழுத்துகளைப் பாடமாக்கினேன்.

மாதா கோயிலில் பூசை வைக்கும் சுவாமியிடமும் கேட்டேன்.

"சுவாமி, சிலுவைக்கு இங்கிலிசிலை என்ன?"

"கிரொஸ்."

"அதிலை எக்ஸ் இல்லை, சுவாமி. எக்ஸ் இருக்கிறதா ஒண்டு தாங்கோ."

சுவாமி சிரித்துவிட்டு, பாடுபட்ட ஆண்டவரின் உருவம் உள்ள சிலுவையைக் காட்டி, "குருசிஃபிக்ஸ்" என்றார்.

தோட்டத்தில் பாத்திக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டேன். ஒரு பாத்தி நிரம்பும்வரை ஒரே சொல்லைச் சொல்லுவேன். அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பும்போது அடுத்த சொல். கடைசிப் பாத்தியில் நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிப் பார்ப்பேன்.

ஒருநாள் மத்தியானம் சோறு போடும் நேரத்தில் பொம்மர் இரைந்தது. சின்னவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானாகவே இறங்கினாள். மனைவியும் நானும் பின்னால் இறங்கினோம்.

"எக்ஸ்" என்றாள்.

பொக்ஸ், சிக்ஸ், ஃபொக்ஸ், டக்சி, மிக்ஸ், எக்ஸாம் என்று போனது. அக்ஸில் சொன்னேன். அவள் நெக்ஸ்ட் என்றாள். எக்ஸிட் சொன்னேன். அவள் ஃபிக்ஸ் என்றாள்.

"ஒக்சிஜன்."

"அப்பிடி ஒண்டும் இல்லை. எழுத்தைச் சொல்லுங்கோ பாப்பம்."

"ஓ, எக்ஸ், வை, ஜி, ஈ, என்."

அவள் விரலால் மண்ணில் எழுதிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து "வக்ஸ்" என்றாள். நான் வைத்திருந்த சொல் அது. என்னிடம் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. மேலே பொம்மர் இன்னும் சுற்றியது.

"குருசிஃபிக்ஸ்" என்றேன்.

"பொறுங்கோ, பொறுங்கோ. சொல்லித் தராதேங்கோ." கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு யோசித்தாள். தூரத்தில் குண்டு விழுந்தது. மனைவி செபமாலையைப் பிடித்தாள். சின்னவள் கண்ணைத் திறக்கவில்லை.

இரைச்சல் தேய்ந்து இல்லாமல் போனது. மனைவி மேலே ஏறி வானத்தைப் பார்த்தாள்.

"போயிட்டுது. வாங்கோ, சோறு ஆறுது."

நான் எழும்பினேன். சின்னவள் படியில் குந்திக்கொண்டு வழியை மறித்தாள்.

"இருங்கோ அப்பா. இன்னொருக்கா விளையாடுவம். இப்ப கியூ."

மனைவி மேலேயிருந்து குனிந்தாள். "பொம்மர் போனாப்பிறகும் உதுக்குள்ளை இருந்து என்ன செய்யிறியள்?"

"கத்தாதேங்கோ அம்மா" என்றாள் சின்னவள். "நான் வெண்டுபோட்டுத்தான் வருவன்."

நான் திரும்ப மண்ணில் உட்கார்ந்தேன்.