ஜப்பானில் மட்டும் உடைந்த பில்டு

கீழ்வேளூர்ப் பக்கத்து மருதையன் மகள் சுடர்விழியிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், "அரிசி எண்ணுற புரோகிராம் எழுதுறேன்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு அதெல்லாம் பழகிப்போயிற்று.

அந்த எண்ணம் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. மருதையனின் அப்பா காலம்வரை ஊரான் வயலில் உழைத்த குடும்பம் அது. மருதையன்தான் முதன்முதலில் தன் பெயரில் கொஞ்சம் நிலம் வாங்கிப் பயிர் வைத்தார். அறுவடை முடிந்ததும் வியாபாரி வருவான். ஒரு கைப்பிடி நெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பான், உமியை ஊதுவான், "நொறுங்கல் ஜாஸ்திப்பா" என்பான். அவ்வளவுதான், விலை இறங்கிவிடும்; அதற்கு மேல் பேச்சே கிடையாது. கல்லூரி விடுமுறையில் களத்தில் நின்று அதைப் பார்த்த சுடர்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கண் சொல்வதை மறுத்துச் சொல்ல வேறொரு கண் வேண்டும் என்று நினைத்தாள்.

அதைத்தான் செய்தாள். ஸ்கேனர் கண்ணாடிமேல் அரிசியைப் பரப்பி ஒரு படம் எடுத்தால் போதும். முழு அரிசி எத்தனை, உடைந்தது எத்தனை என்று அவளுடைய புரோகிராம் பிரித்துச் சொல்லிவிடும். கூட்டாளி பஞ்சநதம். கும்பகோணத்துக்காரர், கல்லூரியில் இவளுக்கு ஒரு வருடம் மூத்தவர். தஞ்சாவூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருவருக்கும் ஓர் அறை. பிழைப்புக்குக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள். மிச்ச நேரமெல்லாம் அரிசி. எழுதியதை ஒளித்து வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டுவிட்டார்கள்.

கூடப் படித்தவர்கள் பெங்களூரு, டல்லாஸ் என்று பறந்துவிட்டார்கள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது ஒருத்தி, "இன்னும் தஞ்சாவூர்லயேதான் இருக்கியாடி?" என்பாள். சுடர்விழி ரசத்தைப் பிசைந்துகொண்டே, "ஆமாம், இங்கதான் அரிசி இருக்கு" என்பாள். வாய் அப்படிச் சொன்னாலும் உள்ளே கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

2016இல் ஒரு திங்கட்கிழமை ஜப்பானிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அங்கே ஒரு நெல் ஆராய்ச்சிக் கூடத்தில் மியுகி என்றொரு பொறியாளர். இரண்டு புரோகிராம்களை ஒப்பிட்டுப் பார்த்ததாகவும், சுடர்விழியுடையதுதான் பிடித்திருப்பதாகவும் எழுதியிருந்தார். ஆனால் அவர்களுடைய விண்டோஸ் கணினிகள் எதிலும் அது கம்பைல் ஆகவில்லையாம், அதாவது எழுதிய நிரல் ஓடும் மென்பொருளாக மாறவில்லையாம். வெள்ளிக்கிழமை முடிவெடுக்க வேண்டுமாம்; அதற்குள் சரியாகாவிட்டால் மற்றதை எடுத்துக்கொள்வார்களாம். அரிசியைத் தெரிந்த ஒரு நாடு தன் வேலையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டது. அதைக் கைநழுவ விட அவளுக்கு மனமே இல்லை.

அவளுடைய லினக்ஸில் கம்பைல் ஆனது. பஞ்சநதத்தின் விண்டோஸிலும் ஆனது. கீழே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து போட்டோ ஸ்டுடியோக்காரர் ஹபீப் முகம்மதிடம் கெஞ்சி வாங்கிய மேக்கில்கூட ஆனது. ஜப்பானில் மட்டும் உடைந்தது. மியுகி அனுப்பிய பிழைச்செய்தி முழுக்க ஜப்பானிய மொழி. கோப்பின் பெயரும் வரி எண்ணும்தான் இவளுக்குப் புரிந்தன. மொழிபெயர்த்துப் பார்த்தால், நாற்பதாவது வரியில் வரும் ஒரு பெயரே தனக்குத் தெரியாது என்று, நிரலை மாற்றித் தரும் கம்பைலர் சாதித்தது. அந்தப் பெயரை அறிமுகப்படுத்தும் வரியோ அதே கோப்பில் இரண்டாவது வரியாகக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அவங்க ஏதோ தப்பா பண்றாங்க. நமக்கு எல்லாத்துலயும் ஓடுதுல்ல?" என்றார் பஞ்சநதம்.

"நமக்கு ஓடுது, அவங்களுக்கு ஓடலன்னா வித்தியாசம் எங்கயோ இருக்குங்க. அதைக் கண்டுபிடிக்காம அவங்கமேல பழி போட மாட்டேன்" என்றாள் சுடர்விழி.

ஒவ்வொன்றாக ஜப்பானைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தாள். அவர்கள் வைத்திருந்த அதே கம்பைலர், அவர்கள் இறக்கிய அதே தொகுப்பு. அப்போதும் ஒழுங்காக ஓடித் தொலைத்தது. வியாழக்கிழமை மதியம், பஞ்சநதத்தின் விண்டோஸில் மொழி அமைப்பையும் ஜப்பானுக்கு மாற்றிக் கணினியை அணைத்துப் போட்டு, மறுபடி கம்பைல் செய்தாள். திரையில் சிவப்பாக வரிகள் வந்து விழுந்தன.

"உடைஞ்சிருச்சு! பஞ்சநதம், இங்கயும் உடைஞ்சிருச்சுங்க!" என்று துள்ளிக் குதித்தாள். கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

கையில் சிக்கிய பிழை எங்கே போகும்? கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டுக் கம்பைல் செய்து பார்த்தாள். முதல் வரியை எடுத்ததும் சரியாகிவிட்டது. முதல் வரியில் நிரல் எதுவுமே இல்லை. வெறும் குறிப்பு வரி. கம்பைலர் படிக்காமல் தாண்டிப்போக வேண்டியது. அதில் இருந்தது ஒரே ஓர் எழுத்து: உ.

பஞ்சநதத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "பிள்ளையார் சுழிங்க. புதுசா ஆரம்பிக்கிறோமேன்னு போட்டேன்" என்றார்.

விஷயம் இதுதான். கணினிக்குள் ஒரு தமிழ் எழுத்து மூன்று துண்டாக இருக்கும். ஜப்பானிய அமைப்போ அதை இரண்டிரண்டாகச் சேர்த்துப் படிக்கும். டவுன் பஸ்ஸில் இருவர் இருக்கைக்கு மூன்று பேர் வந்தது போல, தனியாக நின்ற மூன்றாவது துண்டு, பக்கத்தில் வந்த வரிமுடிவுக் குறியைத் தனக்கு ஜோடியாகப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டது. வரி முடிந்ததே கம்பைலருக்குத் தெரியவில்லை. அடுத்த வரியையும் குறிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டது. அந்த அடுத்த வரிதான் பெயரை அறிமுகப்படுத்தும் வரி.

"எடுத்துடறேன். ஒரு நிமிஷ வேலை" என்று பஞ்சநதம் விசைப்பலகைக்குக் கை நீட்டினார்.

"எடுக்காதீங்க."

"என்ன சுடர், உங்க வீட்டுல சாமியே கும்பிட மாட்டீங்க. நீங்க போய்ச் சுழிக்கு வக்காலத்து வாங்குறீங்க?"

"சாமிக்காக இல்லங்க. இதை எடுத்தா இந்தக் கோப்பு மட்டும் தப்பிக்கும். நாளைக்கு யாராச்சும் தமிழ்ல ஒரு குறிப்பு எழுதுனா திரும்ப உடையும். நம்ம எழுத்து மேல தப்பில்ல. அதை எப்படிப் படிக்கணும்னு நாமதான் கம்பைலர்கிட்ட சொல்லாம விட்டுட்டோம்."

இந்தக் கோப்புகளை எல்லா நாட்டு எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையில்தான் படிக்க வேண்டும் என்று, எதை எப்படிக் கம்பைல் செய்வது எனச் சொல்லும் பில்டு அமைப்பில் ஒரு வரி சேர்த்தாள். சுழி இருந்த இடத்திலேயே இருந்தது. ஜப்பானிய விண்டோஸ், சாதா விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று நாலிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, நடந்ததை விளக்கி மியுகிக்கு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பதில் வந்துவிட்டது. எல்லாக் கணினிகளிலும் கம்பைல் ஆகிவிட்டது, உங்களுடையதையே எடுத்துக்கொள்கிறோம் என்றிருந்தது. கடைசியில் ஒரு வேண்டுகோள்: "இவ்வளவு வேகமாகக் கண்டுபிடித்த உங்கள் விண்டோஸ் குழுவுக்கும் ஜப்பானிய மொழிக் குழுவுக்கும் எங்கள் நன்றியைத் தனித்தனியே தெரிவியுங்கள்."

சுடர்விழி அதைப் பஞ்சநதத்துக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினாள். இருவரும் அந்தச் சின்ன அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பதிலைத் தட்டினாள்: "இரண்டு குழுவுக்கும் சொல்லிவிட்டேன். நாங்கள் மொத்தமே இரண்டு பேர்தான். தஞ்சாவூரில் இருக்கிறோம்."