இரண்டு டப்பா மாத்திரையும் என் கொழுந்துக் கூடையும்

காலையில் எழுந்தால் என் விரல்கள் மடங்காது. முட்டிகள் வீங்கி, சீப்பைக்கூடப் பிடிக்க முடியாது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பிரா அக்காதான் தலை பின்னிவிடுவார். தேயிலைக் கொழுந்து பறித்துப் பிழைக்கும் எனக்கு இருபத்து மூன்று வயதில் இந்தக் கதி! நிறுக்கும்போது றாத்தல் கணக்கில் எடை குறைந்தால் அரைப்பேர்தான் விழும், அரைநாள் சம்பளம். இப்படியே போனால் வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள்.

வட்டவளையில் ரயிலேறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கிருமியை அடிக்க வேண்டிய உங்க உடம்பு, உங்க மூட்டையே அடிக்குதும்மா" என்றார் அங்கிருந்த டாக்டர்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஏங்க, என் உடம்புக்கென்ன பைத்தியமா?"

அவர் சிரித்துவிட்டார். புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறாராம். முதல் மாதம் ஒரு டப்பா, அடுத்த மாதம் இன்னொன்று. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் மாவு. எது எதென்று கடைசியில்தான் சொல்வார். நான் தினமும் பறிக்கும் றாத்தலைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். என் கூடையை வைத்து ஆராய்ச்சியா! திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் டப்பா தொடங்கிக் கொஞ்ச நாளில் நானே தலை பின்னினேன். லயமே வந்து வேடிக்கை பார்த்தது. "அடியாத்தி!" என்று அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார்.

இரண்டாவது டப்பாவில் விரல் பழையபடி விறைத்தது. எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. முடியாதவளுக்கு முழுப்பேர் விழட்டுமென்று பக்கத்து நிரைக்காரிகள் அவள் கூடையில் ஆளுக்கொரு பிடி போடுவார்கள். எனக்கும் போட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

துண்டுகளைப் பார்த்த டாக்டரின் முகம் சுருங்கியது. "ரெண்டு மாசமும் ஒரே றாத்தல். மருந்துல ஒண்ணுமில்ல. நிறுத்திடலாம்."

"ஐயோ, இல்லீங்க! ரெண்டாம் மாசத்துக் கொழுந்து பாதி என்னுதே இல்லீங்க!" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் திட்டவில்லை. "இதே நோய்க்காரங்க எத்தனை பேருக்கு இந்த மருந்து கிடைக்காமப் போயிருக்கும், தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். வேறு இரண்டு டப்பா தந்து, இதிலும் எது எதென்று சொல்லாமலே, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

"எவளாவது ஒரு பிடி போட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்!" என்று மறுநாள் மலையில் நின்று கத்தினேன்.

இந்த முறை முதல் டப்பாவில் வலி குறையவே இல்லை. நாளுக்கு நாள் கூடை இளைத்தது, அரைப்பேர் விழுந்தது. அக்கா ஒரு பிடி கொழுந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதார். எனக்கோ வலியோடு ஒரே குதூகலம். இதுதான் மாவு, அப்படியானால் அடுத்தது மருந்து!

அடுத்த டப்பாவில் கூடை கனத்தது. தராசைப் பார்த்த கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகம். "இதுல யாரு புள்ள கொழுந்து போட்டது?"

"நாந்தாங்க!" என்று ஐந்து விரலையும் இறுக மடக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.