பனிதான் காரணம்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தாய்மார்களுக்குள் ஒரு வழக்கு கிளம்பிவிடும். விடியற்காலையில் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பலாமா, கூடாதா என்று. ஒருத்தி மகனுக்குச் சளி என்பாள். இன்னொருத்தி, வெளிநாட்டில் ஐஸ்கட்டி மேலேயே விளையாடுகிறார்களே என்பாள். இவர்கள் வீட்டு ஆண்கள் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் பார்க்கிறவர்கள். கம்பெனி பஸ்ஸுக்காக அதே பனியில்தான் நிற்கிறார்கள். அவர்கள் நெஞ்சைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. என்னிடம் கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. என் மகளை மட்டும் அனுப்பிவிடுவேன்.

1991-இல் எனக்கு எட்டு வயது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஊர். அந்த வருஷம் மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலைக்குப் பிறகு பெரியவர்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம். பொழுது சாய்ந்தால் பிள்ளைகள் வெளியே போகக்கூடாது. அதனால் பி.டி. டீச்சர் ஓட்டப் பயிற்சியைக் காலைக்கு மாற்றினார். பூந்தமல்லியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஓட்டப்பந்தயத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து என்னைத்தான் பொறுக்கியிருந்தார். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, என்னை யாரும் எதற்கும் பொறுக்கியதில்லை.

அம்மா முடியாது என்றாள்.

"பனி தலையில இறங்கிச்சின்னா நெஞ்சுக்குத்தான் போவும். எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும் என்பதுதான் எங்கள் வீட்டின் துக்கம். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் மூன்று வயதில், ஒரு மார்கழியில், இளைப்பு வந்து போய்விட்டான். அறுப்புக்குப் போனபோது அவனையும் பனியில் தூக்கிக்கொண்டு போனதால்தான் என்று ஊரே சொன்னது. அம்மாவும் அதையே சொன்னாள். அவனுக்குப் போட்டோகூட இல்லை. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பனி மட்டும்தான். எனக்கும் அதே இளைப்பு இருந்தது.

அப்பா ரைஸ் மில்லில் வேலை செய்தார். அதிகம் பேசாதவர். அன்று மட்டும், "ஓடட்டும் வுடுமே. ஓடினா நல்லாதான கீது" என்றார். அம்மா கடைசியில் ஒத்துக்கொண்டாள். காதை மூடித் துண்டு கட்ட வேண்டும், ஓடி முடித்ததும் நேராக வீட்டுக்கு வந்து அடுப்பண்டை உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.

எங்கள் ஊர்க் குளிரைக் குளிர் என்று சொன்னால் மலைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஏரி ஈரத்தோடு சேர்ந்து அது எலும்புக்குள் போகும். வெறுங்காலில் புல்லை மிதித்தால் பாதம் மரத்துவிடும். முன்னால் ஓடுகிறவள் முதுகு தெரியாது, காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். டீச்சர் பார்க்காத இடம் வந்ததும் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வேன். மூச்சு வாங்கும், எல்லோருக்கும் வாங்கியது. நின்றால் அடங்கிவிடும். அந்த மைதானத்தில் எனக்கு ஒருநாளும் இளைத்ததில்லை.

இளைத்தது வீட்டில்தான். மில்லில் உமி சும்மா கிடைக்கும். அப்பா மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார். எங்கள் அடுப்பு உமி அடுப்பு; தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எரியாமல் புகையும். தள்ளிவிட்டாலும் புகையும். மார்கழியில் பனி உள்ளே வரக்கூடாது என்று சமையலறை ஜன்னலை அம்மா சாக்கால் அடைத்துவிடுவாள். ஓடி வந்த என்னை அந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, தலை துவட்டி, சாம்பிராணியும் போடுவாள். நான் இரும ஆரம்பித்தால் சாம்பிராணியை இன்னும் கொஞ்சம் தூவுவாள். சாயங்காலத்துக்குள் நெஞ்சில் பூனை கத்தும். "பாத்தியா, பனி," என்பாள். மறுநாள் ஜன்னலில் இன்னொரு சாக்கு ஏறும்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். எங்கள் வீட்டுப் பூனை சூடு கண்ட பிறகு அடுப்பங்கரையை விட்டு நகரவே இல்லை.

போட்டிக்குச் சில நாட்கள் இருக்கும்போது இளைப்பு அதிகமாகி நான் போகாமல் நின்றேன். டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா மரியாதையாக அவரை உள்ளே கூப்பிட்டு, எனக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்காரவைத்து, காபித்தண்ணி வைத்தாள். டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இருமிக்கொண்டே வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இருமல் அடங்கியதும், வாசலுக்கு வந்த அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

"கோச்சுக்காதீங்கம்மா. புள்ளைக்கு கிரவுண்டுல ஒண்ணும் ஆவல. இந்தப் புகைதான் அதுக்கு ஒத்துக்கல. சின்னப் புள்ளைய போயி இதுல உக்கார வெக்கறீங்களே."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவனயும் இங்கதான உக்கார வெச்சிருந்தேன்," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. டீச்சருக்கு அது புரிந்திருக்காது. எனக்கே அன்று பாதிதான் புரிந்தது.

அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. "எங்கம்மா வூட்லயும் இதே அடுப்புதான். நாங்க பொறந்து வளரல? இன்னா டீச்சர் பேசறீங்க? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். பனியில தூக்கினு போயி நான் ஒண்ண குடுத்துட்டேன். இன்னொண்ண குடுக்க மாட்டேன்."

டீச்சர் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். என் இடத்தில் வேறொருத்தி ஓடினாள். ஜெயித்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. போட்டி நடந்த அன்று நான் அடுப்பண்டை உட்கார்ந்திருந்தேன். அம்மாவை வெறுத்தேன். எட்டு வயதில் எவ்வளவு வெறுக்க முடியுமோ அவ்வளவு. அந்த வெறுப்பு அதற்குப் பிறகும் வெகுகாலம் தணல் போல இருந்தது. உமித் தணல் அவ்வளவு சீக்கிரம் அணையாது.

மைதானம் போய், கம்பெனிகள் வந்து, எங்கள் வீட்டுக்கு காஸ் அடுப்பும் வந்தது. அதற்குள் அம்மா அந்த உமிக்கு முன்னால் தன் ஆயுளில் பெரும்பகுதியை உட்கார்ந்து தீர்த்திருந்தாள். என் இளைப்பு கல்யாணத்துக்குப் பிறகு நின்றுபோனது. அவளுடையது அப்போதுதான் தொடங்கியது.

போன மார்கழியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவளால் நான்கு எட்டு நடக்க முடியவில்லை. டாக்டர் சின்னப் பையன். முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா பீடி பிடிப்பாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ விறகடுப்பா?" என்றார். உமி என்றேன். தலையை ஆட்டினார். நுரையீரல் தேறாது, இருக்கிற வரை மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். புகைதான் காரணம் என்று பாடம் சொல்வது போல விளக்கினார். முப்பது வருஷத்துக்கும் மேலாக நான் காத்திருந்த தீர்ப்பு அது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு வார்டுக்குள் போனேன்.

அம்மா மூக்கில் குழாயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் கண்ணில் இருந்தது சாவு பயம் இல்லை. அந்த முகத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன், எங்கள் வாசலில், டீச்சர் பேசி முடித்த அந்தக் கொஞ்ச நேரத்தில்.

"பனிதான்னு சொல்றாரும்மா," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை இழுத்து இழுத்து, "அவனுக்கும் அதான்," என்றாள்.

"ஆமாம்மா. அவனுக்கும் பனிதான்."

ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். எழுந்து போய்ச் சாத்தினேன்.