ரப்பரோடு வந்த மெக்கானிக்

அன்று பெரம்பலூரில் எங்கள் வீட்டில் இருந்தது நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக், ஆக நாலு பேர். மனைவியின் செயினை அடகு வைத்து, திருச்சியில் பாகங்கள் வாங்கி, நானே பூட்டிய கம்ப்யூட்டர் அது. வீட்டிலேயே டைப்பிங் வேலை எடுத்துச் செய்வதாகத் திட்டம். சுவிட்சைப் போட்டால் உள்ளே ஃபேன் சுற்றியது, பீப் பீப் என்று கத்தியது. திரை மட்டும் இருட்டாகவே கிடந்தது.

"எட்டாவதோட நின்ன ஆளுக்கு இதெல்லாம் தேவையா மாப்ள? செயின் போச்சு" என்றார் மச்சான்.

மெக்கானிக் ஒல்லியான ஆள். எதைத் தொடும் முன்னும் ஜன்னல் கம்பியை ஒரு தடவை பிடித்துக்கொள்வார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"உடம்புல லேசா கரண்ட் இருக்கும்ங்க. அது பட்டா இது செத்துடும்."

பூட்டும்போது நான் எந்தக் கம்பியையும் பிடித்ததில்லை.

அவர் மெமரி அட்டையை உருவினார். அதன் தங்க நிறப் பற்களில் சந்தனம் காய்ந்திருந்தது. பூட்டுவதற்கு முன் எல்லாப் பாகத்துக்கும் பொட்டு வைத்தவள் என் மனைவி. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க கோளாறு?" என்று மச்சான் எழுந்து வந்தார்.

"தூசிங்க. புதுசுல வர்றதுதான்." மெக்கானிக் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தார்.

அட்டையைத் திரும்பச் சொருகி சுவிட்சைப் போட்டதும் திரை வெளிச்சமானது. கிளம்பிச் செருப்பு மாட்டும்போது மெக்கானிக் என் மனைவியிடம் மெல்லச் சொன்னார்: "அடுத்த தடவ பொட்டு வச்சா டப்பா மேல வைங்கக்கா, உள்ள வேணாம்."

மச்சான் கோளாறு என்னவென்று கேட்டபோது, 'இவதான் வச்சா' என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அதைப் பார்த்துத்தான் மெக்கானிக் 'தூசி' என்று முந்திக்கொண்டாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.