ப்ளைவுட் கப்பலில் ஒரு பந்தி

கடல் இல்லாத ஊரில் நான் ஒரு கப்பல் கட்டியிருக்கிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். பெங்களூருக்கு வெளியே அத்திபெலேயில், லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு குடோனுக்குள் அது நின்றது. போன மாதம் டீக்கடையில் ஒருவர் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். "நம்ம பெங்களூர்க்காரர் கப்பலாம், பாருங்க சார், உள்ள சினிமா தியேட்டர் வச்சிருக்கான்." வெள்ளை வெளேரென்று, நீலத் தண்ணீரில், கத்தி மாதிரி ஒரு கப்பல். சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டியதும் நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டீ ஆறிப்போனது. அந்தக் கூடத்தின் வலது சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

என் தொழில் மேடை போடுவது. கல்யாணம், கண்காட்சி ஸ்டால், கட்சிக் கூட்டம், எது வந்தாலும் போடுவேன். ரீப்பர் கட்டையும் ப்ளைவுட்டும் ஆணியும்தான் முதல். எங்கள் மர்பி டவுனில் ஒரு பெயின்டர் சொல்வார், "உங்க வேல கல்யாண மாப்ள மாதிரி, ஒரு நாள் நல்லா இருந்தா போதும்." எனக்கு இந்த மாதிரிப் பேச்சுகள் மேல் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை, ஆட்கள் சொல்லும் வார்த்தைகளைத்தான் படித்தேன்.

அந்த வீடியோ கப்பலின் பணக்காரருக்கு எங்கோ வெளிநாட்டில் அசல் கப்பல் தயாராகிக்கொண்டிருந்தது. அவருக்கு வரைபடத்தில் நம்பிக்கை இல்லை. உள்ளறைகளைக் கட்டுவதற்கு முன்னால் தானே உள்ளே நடந்து, உட்கார்ந்து, படுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்காகச் சாப்பாட்டுக் கூடம், படுக்கையறை, குளியலறை எல்லாவற்றையும் அதே அளவில் ப்ளைவுட்டில் கட்டச் சொன்னார்கள். டிசைனர் அம்மா ஒருவர் என்னைப் பிடித்தார். கன்னடக்காரப் பெண், தமிழ் கொஞ்சம் வரும், கெட்டவள் இல்லை. ஜன்னலில் கடல் எப்படித் தெரியும் என்று பார்க்க, அல்சூரில் பேனர் அடிக்கிறவரிடம் கடல் படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து வாங்கி வெளியே தொங்கவிட்டோம். எங்கள் ஆட்களில் ஒருவன் தினமும் காலையில் அதைப் பார்த்துக் கும்பிடுவான். "அலையே அடிக்காத சமுத்திர ராஜா, எங்க சம்பளத்தையாச்சும் அடிச்சுக் கொண்டா."

சனிக்கிழமைகளில் ஓனர் வருவார். செருப்பை வாசலில் விட வேண்டும் என்பது கப்பல் சட்டமாம். எங்களுக்கு அது புதிதில்லை. கூசியது வேறு. ஆணி அடித்துக்கொண்டிருக்கும் என் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "இதைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க" என்று டிசைனர் அம்மாவிடம் இங்கிலீஷில் சொல்வார். அந்த அம்மா குனிந்து என்னிடம் சொல்லும். நான் அந்த அம்மாவிடம் பதில் சொல்வேன். நடுவில் ஒரு கை தூரம்கூட இருக்காது. அத்தனை மாதத்தில் என் முகத்தை ஒரு முறை பார்த்திருந்தால் அந்த டீக்கடை வீடியோவை முழுசாகப் பார்த்திருப்பேனோ என்னவோ.

அவருக்கு வேலைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது. சாப்பாடு சுவரிலிருந்து முளைத்து வந்ததுபோல வர வேண்டும். அதற்காக வலது சுவருக்குப் பின்னால் ஒரு சந்து. சுவரோடு சுவராகத் தெரியாத ஒரு கதவு. தட்டு ஏந்துகிறவன் அந்தச் சந்தில் வந்து, பரிமாறிவிட்டு, அதிலேயே மறைந்துவிட வேண்டும்.

அந்தச் சந்தில்தான் என் மச்சானை விட்டேன்.

என் மனைவியின் தம்பி. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கிளப்பில் மீசை முளைத்த காலத்திலிருந்து வெயிட்டர். கிளப்காரர்கள் எல்லா வேலையையும் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டு, நரைத்த தலைகளை வெளியே அனுப்பினார்கள். அதன்பிறகு எந்த ஹோட்டலில் ஏறினாலும் முதல் கேள்வி வயசுதான். இரண்டாவது கேள்வி வராது. "போன் பண்றோம்" என்பார்கள். இந்தக் கப்பலுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், மாதிரிக் கப்பலிலேயே மூன்று விருந்து வைத்துப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று தெரிந்ததும் நான் டிசைனர் அம்மாவிடம் சொன்னேன். அவன் ஒரு கையில் தட்டு ஏந்தி நடந்ததைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போனது. இதை விட்டால் அவனுக்கு வேறு வேலை இல்லை. அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவன் வேலை கிளப்பில் என்றாலும் பேர் பந்தியில். எங்கள் பகுதியில் கல்யாணமோ, ஞானஸ்நானமோ, கோயில் திருவிழாச் சாப்பாடோ, குழம்பு வாளி அவன் கையில்தான். கூலிக்கு இல்லை, கூப்பிடுவார்கள், போவான். பெரிய உடம்பு. ஆனால் முதுகோடு முதுகு இடிக்கிற இரண்டு வரிசைக்கு நடுவில் நண்டு மாதிரி பக்கவாட்டில் போவான், ஒரு சொட்டு சிந்தாது. அவன் சொல்வது ஒன்று உண்டு: "மொத 'போதும்' மரியாதைக்கு. ரெண்டாவது 'போதும்' வெக்கத்துக்கு. மூணாவதுதான் மாமா வயித்துக்கு." ஒரு 'போதும்'க்கு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவன் பரிமாறியவனே இல்லை, விரட்டியவன் என்பது அவன் கட்சி. எங்கள் எல்லாருடைய கட்சியும் அதுதான். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு யார் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம்?

இரண்டு விருந்து நன்றாகப் போனது. மூன்றாவதற்கு முந்தைய நாள் ஓனர் சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த குளியலறையில் நின்று கையை விரித்துப் பார்த்தார். இடிக்கிறதாம். சுவரைச் சந்துப் பக்கம் அரையடி தள்ளச் சொன்னார்.

"அதுல ஆளு போவ முடியாதும்மா" என்றேன்.

டிசைனர் அம்மா அவரிடம் சொன்னது. அவர் சந்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இங்கிலீஷில் சொன்னது எனக்கே புரிந்தது: "ஒல்லியான ஆளாகப் பார்த்து வையுங்கள்."

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். மச்சான் எடுத்து என் கையில் கொடுத்தான்.

"நீ தள்ளலன்னா இன்னொருத்தன் தள்ளுவான். தள்ளு மாமா."

"நீ எப்படிடா போவ?"

"பந்தியில போவல? குப்புசாமி கல்யாண மண்டபத்த விடவா இது சந்து?" அப்படி ஒரு மண்டபமே கிடையாது, இடுக்கான இடத்துக்கெல்லாம் அவன் வைத்த பேர் அது. ஒரு முனையை அவன் பிடித்தான், ஒரு முனையை நான் பிடித்தேன். தள்ளி நிறுத்தினோம். வயிற்றை எக்கிக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஒரு முறை போய் வந்தான். "நான் கப்பல்ல போறேனா, செவுத்துக்குள்ள போறேனான்னு மட்டும் அக்காகிட்ட சொல்லாத" என்றான்.

மறுநாள் விருந்தில் அந்த மறைகதவு மாட்டிக்கொண்டால் இழுத்துவிட என்னைச் சந்துக்குள் நிற்கச் சொல்லியிருந்தார்கள். கீல் இடுக்கு வழியாகக் கூடம் தெரிந்தது. ஓனரும் விருந்தாளிகள் சிலரும். ஃப்ளெக்ஸ் கடலுக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். முதலில் பேர் தெரியாத ஏதேதோ வந்து போனது. கடைசியில் ஓனரே சமையல்காரரிடம் கேட்டு வைத்திருந்த சாப்பாடு வந்தது. மஞ்சள் தேங்காய்ச் சோறும் கறி உருண்டைக் குழம்பும். கண்டோன்மென்ட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை எந்தத் தெருவில் நடந்தாலும் மணக்கிற சாப்பாடு. இவர் எங்கள் பக்கத்து ஆளோ என்று எனக்குச் சந்தேகம் அப்போதுதான் வந்தது.

அவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார். மச்சான் கிண்ணத்தோடு பக்கத்தில் போனான். ஒரு உருண்டை வைத்தான். இன்னொன்றை எடுத்தான்.

"போதும்" என்றார் ஓனர்.

தமிழில். அதுவரை அவர் வாயிலிருந்து நான் ஒரு தமிழ் வார்த்தை கேட்டதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, வாயில் சோற்றோடு, வீட்டில் சொல்வதுபோலச் சொன்னார்.

மச்சானின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கரண்டி நிற்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு சார், ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி இரண்டாவது உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டான்.

விருந்தாளி ஒருவர் சிரித்தார். ஓனர் தலை நிமிர்ந்தார். மச்சானை இல்லை, டிசைனர் அம்மாவைப் பார்த்து இங்கிலீஷில், "இந்த ஆளுக்குக் காது கேட்காதா?" என்றார். பிறகு மச்சானிடம் விரலால் தட்டைக் காட்டினார். "டேக் இட் பேக்."

எச்சில் தட்டில் வைத்ததைத் திருப்பி எடுப்பதா? மச்சான் கிண்ணத்தைப் பார்த்தான். அதில் மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டிய குழம்பு. கரண்டியால் எடுத்தால் அதில்தான் போட வேண்டும். அவன் கரண்டியை வைத்துவிட்டு அந்தச் சூடான உருண்டையைத் தன் கையால் எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் சந்துக்குள் வந்தான். என் பக்கத்தில் இருட்டில் நின்றான். குழம்பு மணிக்கட்டு வழியாக வெள்ளைச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் போனேன்.

"ஹூ இஸ் திஸ்?" என்றார் ஓனர்.

"இதக் கட்டுனவன் சார்" என்றேன். "சார், போதும்னா இன்னொரு வாட்டி கேக்கறதுதான சார் வழக்கம். உங்க ஊட்லயும் கேட்டிருப்பாங்க. கேக்காமலா இவ்ளோ பெருசா வளந்தீங்க?"

சந்துக்குள்ளிருந்து மச்சான் குரல் கொடுத்தான். "மாமா, போதும், வா."

நான் மட்டும் ஒரு 'போதும்'க்கு நிற்கிற ஆளா? "குளிக்கற ரூமுக்கு அரையடி வேணும்னு சோறு போடறவன் வழிய அடைச்சீங்க. கையில எடுக்க வச்சீங்க. கடல் உங்களத் தாங்குதோ இல்லியோ, சோறு தாங்காது சார்."

டிசைனர் அம்மா என் கையைப் பிடித்தது. ஓனர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. "ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார். அந்தக் 'கெளம்புங்க' அச்சு அசல் எங்கள் அல்சூர் பக்கத்துத் தமிழ். ஏரிக்கு எந்தப் பக்கத்துத் தெரு என்று கொஞ்ச நேரம் கொடுத்தால் சொல்லிவிடுவேன், அவ்வளவு பழகிய தமிழ். வெளியே வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டோம். ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

பஸ்ஸில் மச்சான் ஓசூர் ரோட்டு விளக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினான்.

"இங்கிலீஷ்ல 'நோ'ன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேன் மாமா. கிளப்புல எத்தினி வருசம் நின்னிருக்கேன். அவரு 'போதும்'னாரு. 'போதும்'னா எங்க நிறுத்தறது?"

என் மனைவி கதவைத் திறந்ததுமே சட்டைக் கையைப் பார்த்துவிட்டாள். முழுக் கதையும் கேட்டாள். "கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வெக்கக் கூடாதுன்னுவாங்க. உங்க கப்பலு கவுறதுக்கு மொதல்ல தண்ணியில எறங்கணுமே" என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சட்டையை வாங்கி ஊறவைத்தாள்.

அதன்பிறகு என்னை அங்கே கூப்பிடவில்லை. மிச்ச வேலையை வேறு ஆளை வைத்து முடித்துக்கொண்டார்கள். சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவன் போன் அடித்தது. டிசைனர் அம்மா. ஸ்பீக்கரில் போட்டான்.

"அங்கிள், எப்படி இருக்கீங்க? அவத்து ஆகித்து பேஜார் மாடிக்கோபேடி, அன்னிக்கு நடந்தத மனசுல வச்சுக்காதீங்க. புது பசங்க சரியா வரல. சார் உங்களையே திருப்பி எடுத்துக்கலாம்னு சொல்றாரு. கப்பலுக்கு. இன்ட்ரஸ்ட் இருக்கா?"

என் மனைவி அடுப்பை அணைத்தாள். மச்சானின் முகத்தில் அன்றைக்குப் பார்த்த அதே மலர்ச்சி.

"ஐயோ, பரவால்லம்மா" என்றான். "வேணாம். போதும்மா."

"ஓ" என்றது அந்தக் குரல். "ஓகே அங்கிள். நோ ப்ராப்ளம். டேக் கேர்." வைத்துவிட்டது.

மூன்று பேரும் போனைப் பார்த்தோம்.

"ஏன்டா வேணான்ன?" என்றாள் அவள், அழுகிற குரலில்.

"அன்னிக்கு அப்படிப் பண்ணிட்டு, கூப்ட ஒடனே ஓடுவாங்களாக்கா? இன்னொரு வாட்டி கேப்பாங்க."

"நீயே போன் போடு" என்றேன். "இப்பவே போடு."

அவன் என்னை வினோதமாகப் பார்த்தான். "எலையத் தூக்கிக்கினு சமையக்கட்டுக்கு எவனாச்சும் போவானா மாமா?"

போனைத் துடைத்து, மேசை மேல், தனக்கு எதிரே, இலை போட்டதுபோல நேராக வைத்தான். என் மனைவி மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நகர்ந்து போகிறவர்களை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. அந்த அம்மாவை நினைத்து, அந்த அம்மாவை அப்படிப் பழக்கிவைத்த அல்சூர்க்கார ஓனரை நினைத்து. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பாடு போட்டபோதும் போனை நகர்த்தவில்லை, தட்டைத்தான் ஓரமாக வாங்கிக்கொண்டான்.